மீளத் தொடங்கும் வித்தை

நாற்பத்தைந்து வயதுடைய ஆசிரியன் ஒருவன் விடியற்காலையில் வீதியோரமாக ஓடுவானாயின், ஊரவர் முதலில் அவனைப் பார்ப்பதில்லை. அவனைத் துரத்தி வருவது யாது என்று அவனுக்குப் பின்னாலேயே பார்ப்பர். நாயா, மாடா, கடன்காரனா என்று தேடி, ஒன்றையுங் காணாதவிடத்து, "சேருக்கு என்னவோ நடந்துவிட்டது" என்ற முடிவுக்கு வருவர். எங்கள் ஊர்களில் நடத்தல் மரியாதையான செயல். வைத்தியர் சொன்னார் என்று கூறிப் பண்ணைக் கடற்கரையில் கைவீசி நடப்பவரை யாவரும் மதிப்பர். ஓடுதல் அப்படியன்று. அது சிறுவர்க்கும், இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கும், பேருந்தைத் தவறவிடப் போகின்றவர்க்குமே உரியது என்பது பொது வழக்கு.

அத்தகைய செயலிலே நான் 2024 ஆம் ஆண்டின் தொடக்கந்தொட்டு ஈடுபட்டு வருகின்றேன். அரை மரதன் எனப்படும் ஓட்டத்தை ஓடி முடித்தல் வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட குறி. முழு மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர். இவ்வளவு ஒழுங்கற்ற ஓர் எண் எங்கிருந்து வந்தது என்ற ஐயம் கணிதங் கற்பிக்கும் எனக்கு எழுந்தது இயல்பே. 1908 ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த ஒலிம்பிக் விழாவில், விண்ட்சர் மாளிகையில் தொடங்கி, விளையாட்டரங்கிலே அரச குடும்பத்தினர் அமர்ந்த இடத்தின் முன்பாக முடியுமாறு அந்த ஓட்டம் அமைக்கப்பட்டது. 1921 இல் அந்தத் தூரமே முறையான தூரமாக ஏற்கப்பட்டது. அதிற் பாதி 21 கிலோமீற்றரும் 97½ மீற்றரும் ஆகும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்று சொன்னால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். பேருந்திற் செல்லும்போதே அது குறுகிய பயணமன்று.

இந்த வயதில் இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. 2024 தை மாதத்தில் நான் செய்வித்துக்கொண்ட குருதிப் பரிசோதனையில், வெறுவயிற்றுச் சீனியின் அளவு 114 எனக் காணப்பட்டது. நூறுக்குக் கீழே இருந்தாற் சுகம். நூற்றிருபத்தாறைத் தொட்டால் நீரிழிவு. "நீங்கள் வாசற்படியில் நிற்கிறீர்கள். உள்ளே போவதா, திரும்புவதா என்பது பெரும்பாலும் உங்கள் கையில்" என்றார் வைத்தியர். அந்த வாசலுக்கு உள்ளே என்ன இருக்கின்றதென்பதை நான் அறிவேன். என் தந்தையார் நீரிழிவினால் இடக்காலின் மூன்று விரல்களை இழந்தவர். ஆறாத புண்ணுக்கு நாள்தோறும் மருந்து கட்டியவர் என் தாயார். அந்த மருந்தின் மணம் எங்கள் வீட்டு விறாந்தையில் நான்கு ஆண்டுகள் தங்கியிருந்தது.

நடந்தாலே போதுமே எனலாம், போதும். ஆயினும் பரீட்சைத் திகதி ஒன்று குறிக்கப்படாத பாடத்தை எந்த மாணவனும் ஊன்றிப் படிப்பதில்லை என்பதை இருபது ஆண்டுகளாகக் கண்டவன் நான். என் உடம்பும் ஒரு மாணவனே. அதற்கும் ஒரு திகதி வேண்டியிருந்தது. ஒக்டோபர் மாதத்திலே கொழும்பில் நடைபெறவிருந்த ஓர் அரை மரதனை அந்தத் திகதியாக வைத்துக்கொண்டேன்.

மாசி மாதத்தில் தொடங்கினேன். ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை. இவ்வாறு ஆறு முறை. முதல் நாள் அந்த ஒரு நிமிடம் ஒரு பாடவேளை போல நீண்டது. அடுத்த கிழமை இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவருடன் வசனம் வசனமாகப் பேச இயலுமாயின் வேகம் சரியானது. சொற்கள் துண்டு துண்டாக வருமாயின் வேகம் மிகுதி. பயிற்சியின் பெரும்பகுதி இந்த மெதுவான வேகத்திலேயே நிகழ வேண்டும் என்பது பயிற்றுநர்கள் பலரும் சொல்லும் விதி. அதற்குக் காரணம் உண்டு. இதயமும் நுரையீரலும் சில கிழமைகளிலேயே புதிய வேலைக்குப் பழகிவிடும். எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணும் அவ்வளவு விரைவிற் பழகுவதில்லை. அவற்றுக்கு மாதங்கள் வேண்டும். மூச்சு இடங்கொடுத்தாலும் கால் இடங்கொடுக்காத நிலை இதனாலேயே வருகின்றது.

காலை நான்கே முக்காலுக்கு வீட்டை விட்டுப் புறப்படுவேன். நல்லூரிலிருந்து பருத்தித்துறை வீதி வழியே இருபாலை, கோப்பாய், நீர்வேலி என்று செல்லும் வழி எனக்குப் பிடித்தமானது. கோப்பாயைக் கடந்தால் இருமருங்கும் செம்மண் தோட்டங்கள். நீர் இறைக்கும் இயந்திரத்தின் ஒலி தூரத்திற் கேட்கும். நீர்வேலியில் வாழைத்தோட்டத்தின் குளிர்ச்சி வீதிவரை வந்து முகத்திற் படும். சித்திரை, வைகாசி மாதங்களில் அந்த வேளையிலுங்கூடக் காற்று அசையாது. ஈரப்பதன் மிகுந்த காற்றிலே வியர்வை உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அது வெறுமனே வடியும். வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் உடம்பு பழகுவதற்கு இரண்டு கிழமைகள் வரை செல்லும். பின்னர்ச் சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் ஓடுதல் எளிதாயிற்று. தெருநாய்களிடத்தும் ஒரு பாடங் கற்றேன். நாய் குரைக்கும்போது ஓடினால் அது துரத்தும். நின்று, அதனைப் பாராமல் நடந்தால், அது தன் எல்லைவரை வந்து திரும்பிவிடும்.

ஆனி மாத முடிவில் ஒன்பது கிலோமீற்றர் நிற்காமல் ஓடினேன். கணித ஆசிரியன் ஆகையால், ஒவ்வொரு கிழமையும் ஓடிய மிக நீண்ட தூரத்தைச் சதுரக்கோட்டுத் தாளில் குறித்து, புள்ளிகளை இணைத்து வந்தேன். கோடு அழகாக மேலேறிற்று. அந்தக் கோட்டைப் பார்த்துக் கொழும்பு ஓட்டத்துக்கு வேண்டிய 21 என்ற எண்ணை அது எந்தத் திகதியில் தொடும் என்றும் கணித்து வைத்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாட்காலை, படுக்கையிலிருந்து இறங்கி முதலடியை வைத்தபோது, வலக் குதிக்காலில் ஆணி ஏறியது போன்ற வலி உண்டாயிற்று. பத்து அடி நடந்ததும் குறைந்தது. கதிரையில் இருந்து எழுந்ததும் திரும்ப வந்தது. குதிக்காலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலின் அடியிலே ஒரு தடித்த நார்ப்பட்டை விரிந்து கிடக்கின்றது. அதில் ஏற்படும் நோவு அது. நாள் முழுவதும் நின்று தொழில் செய்பவர்களுக்கு, நடுத்தர வயதில், இது பெரிதும் வருவதுண்டு. கரும்பலகைக்கு முன்னே இருபது ஆண்டுகள் நின்ற காலுக்கு அது வந்ததில் வியப்பில்லை.

ஓட்டம் நின்றது. படியின் விளிம்பில் முன்காலை ஊன்றிக் குதிக்காலை மெல்ல உயர்த்தி இறக்குதல், கெண்டைக்காலை நீட்டுதல், குளிர்ந்த நீர்ப்போத்தலை உள்ளங்காலின் கீழே வைத்து உருட்டுதல் ஆகிய பயிற்சிகளைச் சிகிச்சையாளர் சொல்லித் தந்தார். இந்த நோவு பெரும்பாலானோர்க்கு அறுவைச் சிகிச்சையின்றியே ஆறிவிடும். ஆனால் ஆறுவதற்கு மாதங்கள் வேண்டும். வகுப்பில் கதிரையில் இருந்தபடி கற்பித்தேன். ஆவணிக்குள் வலி தணிந்தது. புரட்டாதியில்தான் ஓட அனுமதி கிடைத்தது.

"இஞ்சருங்கோ, கால் நோகுதெண்டு வைத்தியரிட்டைப் போறதும், வந்த கையோட திரும்ப ஓடுறதும் என்ன கணக்கு?" என்று என் மனைவி கேட்டார். கணக்கு என்ற சொல்லை அவர் வேண்டுமென்றே பயன்படுத்தினார் என்பது என் துணிபு. நான் கணித்து வைத்த திகதி வந்து சென்றது. கொழும்பு ஓட்டம் நடந்த ஞாயிறன்று நான் நல்லூரிலே இரண்டு கிலோமீற்றரை நடையும் ஓட்டமுமாகக் கடந்துகொண்டிருந்தேன்.

கார்த்திகையிற் கோடு மீண்டும் ஏறத் தொடங்கி ஏழைத் தொட்டது. அதன்மேல் மழை. 2024 நவம்பர் இறுதியில் வடக்கிலும் கிழக்கிலும் கொட்டிய மழையை நாம் மறந்திருக்க மாட்டோம். யாழ்ப்பாணத்தின் தாழ்ந்த இடங்கள் எல்லாம் வெள்ளக்காடாயின. பாடசாலைகளிலே மக்கள் தங்கவைக்கப்பட்டனர். நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே சில நாட்கள் நிறுத்தப்பட்டது. ஊர் நீரில் நிற்கும்போது ஓட்டத்தைப் பற்றி எண்ணுவது அழகன்று. சமைத்த உணவுப் பொதிகளைக் கொண்டுசெல்லும் இளைஞர்களோடு சேர்ந்து நடந்தேன்.

வெள்ளம் வடிந்தது, தேங்கிய நீரில் நுளம்பு பெருகிற்று. 2025 தை மாதத்தில் என்னை டெங்குக் காய்ச்சல் பிடித்தது. கண்ணுக்குப் பின்னாலே வலி. எலும்பெல்லாம் முறிந்தது போன்ற நோவு. நான்காம் நாள் காய்ச்சல் தணிந்தபோது, சுகமாயிற்று என்று வீட்டார் மகிழ்ந்தனர். டெங்குவிலே காய்ச்சல் தணியும் அந்த நேரந்தான் மிகவும் கவனிக்க வேண்டிய நேரம் என்று சொல்லி வைத்தியர் என்னை வைத்தியசாலையில் மறித்து வைத்தார். ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை எனக்கு 42,000 வரை இறங்கிற்று. இந்தக் காய்ச்சலில் பரசிற்றமோல் தவிர்ந்த வேறு நோவு மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் எடுத்தல் ஆகாது. அவற்றுட் சில குருதிக் கசிவை மிகுவிக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டார் இதனை மனத்திற் கொள்ளல் நன்று.

ஐந்து நாட்களில் வீடு திரும்பினேன். திரும்பிய மறுநாள் கிணற்றடிக்கும் விறாந்தைக்கும் இடையிலுள்ள இருபது அடி தூரத்தை நடந்துவிட்டு மூச்சு வாங்கக் குந்தினேன். கையிலே பிடித்திருந்த வாளி கனத்தது. ஒரு முழு ஆண்டு உழைப்பும் வடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றிற்று. இனி இது வேண்டாம், காலையில் நடந்தாற் போதும் என்று வாய்விட்டே சொன்னேன்.

என் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. அரை மரதன் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. மாடு என்றால் என்னவென்று நன்கு தெரியும். எங்கள் வீட்டிலே பசுக்கள் நின்ற காலத்தை நினைத்தவராய் அவர் சொன்னார்: "தம்பி, விழுந்த மாடு ஒரேயடியா எழும்பாது. முதல் பின்காலை ஊண்டும். பிறகு முழந்தாளிலை நிக்கும். கொஞ்ச நேரம் அப்பிடியே நிண்டு பார்த்துத்தான் எழும்பும். அதை அவசரப்படுத்தினால் திரும்ப விழும்."

இதை அவர் பெரிய உபதேசமாகச் சொல்லவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார். ஆனால் நான் அதுவரை வாசித்த பயிற்சி நூல்களில் எதுவும் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. பயிற்சி அட்டவணைகள் எல்லாம் மேலேறும் கோட்டையே காட்டுகின்றன. விழுந்தவன் எந்தக் காலை முதலில் ஊன்ற வேண்டும் என்பது அவற்றில் இல்லை.

ஆகவே மாசியில் முற்றத்தில் நடந்தேன். பங்குனியில் ஒழுங்கையில் நடந்தேன். வைத்தியர் அனுமதித்த பின்னர், மீண்டும் ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை என்ற முதற்பாடத்துக்கே சென்றேன். அதிலே ஒரு கூச்சம் உண்டு. ஒன்பது கிலோமீற்றர் ஓடியவனைப் பார்த்த அதே ஊரவர், இப்பொழுது ஒழுங்கை முனைவரை ஓடி நிற்பவனைப் பார்க்கின்றனர். "என்ன சேர், விட்டாச்சோ?" என்று கேட்கின்றனர். மீளத் தொடங்குவதன் உண்மையான பாரம் காலிலே இல்லை. இந்தக் கேள்வியிலே இருக்கின்றது.

ஆனால் தாளிலுள்ள கோடு எனக்கு வேறொன்றைக் காட்டிற்று. முதன்முறை இரண்டு கிலோமீற்றரிலிருந்து ஏழைத் தொடுவதற்குப் பதினான்கு கிழமைகள் சென்றன. குதிக்கால் நோவுக்குப் பின்னர் அதே ஏற்றத்துக்கு எட்டுக் கிழமைகள் போதுமாயின. டெங்குவுக்குப் பின்னர் ஒன்பது. ஓய்விலே உடம்பு எல்லாவற்றையும் ஒருசேர இழப்பதில்லை. முதற் சில நாட்களிற் குருதியின் நீர்ப்பகுதி குறைகின்றது. அதனாலேயே சிறு ஏற்றத்திலும் மூச்சு வாங்குகின்றது. தசைகளின் உள்ளே நடந்த மாற்றங்கள் கிழமைக் கணக்கில் தேய்கின்றன. ஆயினும் ஒருமுறை பழகிய தசை இரண்டாம் முறை விரைவிற் பழகுகின்றது. கோடு இரண்டு முறை விழுந்து மூன்று முறை எழுந்திருந்தது. பின்னைய ஏற்றங்கள் இரண்டும் முதலாவதிலும் செங்குத்தானவை. சாய்வு என்ற பாடத்தைக் கற்பிக்க இதிலும் நல்ல வரைபு எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த வரைபுக்கு ஒரு மாணவனும் கிடைத்தான். எங்கள் ஒழுங்கையிலே வசிக்கும் இளைஞன் ஒருவன், வெள்ளத்தால் இடைநின்ற 2024 உயர்தரப் பரீட்சையைக் கணிதப் பிரிவில் எழுதியவன். 2025 சித்திரையிற் பெறுபேறு வந்தது. மூன்று பாடங்களிலும் சித்தி. ஆயினும் பொறியியற் பீடத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. நம் நாட்டிலே உயர்தரம் எழுதிய பிள்ளையின் வீட்டில் அந்த நாள் எப்படியிருக்கும் என்பது வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதன்று. மூன்று முறை தோற்ற இடமுண்டு என்று எல்லாரும் சொல்வர். ஆனால் தன்னோடு படித்தவன் மொறட்டுவைக்குப் புறப்படும்போது, அதே முதலாம் அலகை அதே கொப்பியில் மறுபடியும் திறப்பதற்கு எவ்வளவு மனவலி வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை.

அவனுடைய தாயார் ஒரு மாலை எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். "சேர், பிள்ளை அறையை விட்டு வெளியில வாறானில்லை. படிப்பைப் பற்றி ஒண்டும் கதைக்க வேண்டாம். காலமை நீங்கள் ஓடேக்க அவனையும் சைக்கிளிலை கூட்டிக்கொண்டு போங்கோ, அது போதும்" என்றார்.

மறுநாள் தொட்டு அவன் என் பக்கத்திலே சைக்கிளில் வந்தான். தண்ணீர்ப் போத்தலும் கைக்கடிகாரமும் அவன் பொறுப்பு. நான் படிப்பைப் பற்றிப் பேசவில்லை. பேசுவதற்கு மூச்சும் இல்லை. முதற் கிழமை முழுவதும் அவன் சொன்ன சொற்கள், "நேரம் முடிஞ்சுது சேர், நடவுங்கோ" என்பதும், "இப்ப ஓடுங்கோ" என்பதுமே. மூன்றாங் கிழமையில், "நீங்கள் முதல் ஒன்பது கிலோமீற்றர் ஓடினனீங்கள் எண்டு அம்மா சொன்னா. இப்ப ஒரு நிமிசம் ஓட வெக்கமா இல்லையோ, சேர்?" என்று கேட்டான். கேட்டுவிட்டுத் தானே தலை குனிந்தான்.

அதற்கு நான் விடை சொல்லவில்லை. வீட்டுக்கு அழைத்துச் சென்று அந்தத் தாளைக் காட்டினேன். அவன் நெடுநேரம் பார்த்தான். கணிதப் பிள்ளையன்றோ! "இரண்டாவது ஏற்றத்தின்ர சாய்வு கூட, சேர்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் வகுப்பறையிலே நான் கேட்ட பழைய ஒலி இருந்தது.

அக்காலத்திலே காலை வேளைகளில் அவனுக்கு நான் சொன்ன கதைகளில் இரண்டு உண்டு. ஒன்று எதியோப்பிய நாட்டு அபேபே பிக்கிலாவின் கதை. 1960 இல் உரோமாபுரியில் வெறுங்காலோடு மரதன் ஓடி வென்றவர் அவர். 1964 இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஆறு வாரங்களுக்கும் குறைந்த காலம் இருக்கையில் அவருக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆயினும் ஓடி, மறுபடியும் வென்றார். ஒலிம்பிக் மரதனை இருமுறை வென்ற முதல்வர் அவரே. இளைஞன் கதையைக் கேட்டுவிட்டு, "அவர் பெரிய ஆள், சேர்" என்று மட்டும் சொன்னான். வென்றவர்களின் கதை விழுந்திருப்பவனுக்கு ஓரளவே உதவும்.

மற்றது நம் நாட்டவரின் கதை. அதே 1964 டோக்கியோ விழாவில், 10,000 மீற்றர் ஓட்டத்தில், 67 ஆம் இலக்கம் அணிந்து ஓடியவர் இலங்கை வீரர் ரணதுங்க கருணானந்த. ஏனையோர் யாவரும் ஓடி முடித்துவிட்டனர். அவருக்கு இன்னும் சில சுற்றுகள் எஞ்சியிருந்தன. வெறுமையான தடத்தில் அவர் ஒருவரே ஓடினார். முதலில் நகைத்த கூட்டம் பின்னர் அமைதியாயிற்று. அவர் இறுதிக் கோட்டைக் கடந்தபோது எழுந்து நின்று கைதட்டிற்று. கடைசியாக வந்த அந்த மனிதரின் ஓட்டத்தை யப்பானியர் தம் பாடசாலைப் பாடநூலிலே சேர்த்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தனர். இதைச் சொன்னபோது அவன் சைக்கிளை நிறுத்திவிட்டான். "கடைசியாய் வந்தவரையோ, சேர்?" என்றான். "கடைசியாய் வந்தவரையேதான்" என்றேன்.

ஆடியில் நல்லூர்த் திருவிழாக் கொடியேறியது. இருபத்தைந்து நாட்களும் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் அடியார்கள் நிறைந்திருந்தனர். நாங்கள் கோப்பாய்ப் பக்கமாகவே சென்றோம். கோடு பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு என்று ஏறிற்று. புரட்டாதியில் ஒரு ஞாயிறு பதினெட்டுக் கிலோமீற்றர் ஓடி முடித்தேன். அந்தக் கிழமையிலிருந்து இளைஞன் வருவதை நிறுத்திவிட்டான். நான் வருந்தவில்லை. அதிகாலை நாலரைக்கே அவன் அறையில் விளக்கெரிவதை ஒழுங்கையாற் போகும்போது கண்டேன். இரண்டாம் முறை தோற்றுவதற்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டான் என்று அவன் தாயார் என் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

2025 ஒக்டோபரில் கொழும்புக்குப் புகையிரதத்திற் சென்று அந்த அரை மரதனை ஓடினேன். அதனை நீட்டி எழுதுவதற்கு அதிகமில்லை. முதற் பத்துக் கிலோமீற்றர் இலகுவாகக் கழிந்தது. பதினாறிலே கெண்டைக்கால் இறுகிப் பிடித்தது. நின்று நீட்டினேன், நடந்தேன், ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை என்ற பழைய முதற்பாடம் அங்கேயும் கைகொடுத்தது. நரைத்த தலையுடைய அம்மையார் ஒருவர் என்னைக் கடந்து செல்லும்போது, சிங்களத்தில் ஏதோ ஆறுதல் சொல்லிச் சென்றார். இரண்டு மணித்தியாலமும் நாற்பத்தேழு நிமிடமும் எடுத்து முடித்தேன். எனக்குப் பின்னாலும் சிலர் வந்தனர்; அவர்கள் ஒவ்வொருவரும் கோட்டைக் கடக்கும்வரை நின்று கைதட்டிவிட்டே இடத்தை விட்டகன்றேன். தொலைபேசியைத் திறந்தபோது இளைஞனின் செய்தி ஒன்று வந்திருந்தது: "இன்று இணைந்த கணித வினாத்தாள் ஒன்றை மூன்று மணித்தியாலமும் எழும்பாமல் இருந்து செய்து முடித்தேன், சேர்." என் ஓட்டத்தைப் பற்றி அவன் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதுவே எனக்கு நிறைவாக இருந்தது.

இவ்வளவில் முடிந்திருந்தால் கதை ஒழுங்காக இருந்திருக்கும். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் நேர்ந்த உயிரிழப்பும் அழிவும் யாவரும் அறிந்தவை. அவனுடைய இரண்டாம் பரீட்சையும் முதலாவதைப் போலவே நடுவில் நின்றது. எஞ்சிய பாடங்கள் 2026 தை மாதத்துக்குத் தள்ளிப்போயின. அந்தச் செய்தி வந்த மாலை நான் அவன் வீட்டுப் படலையருகே சென்றேன். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் விறாந்தையில் விளக்கை வைத்துக்கொண்டு கணக்குச் செய்துகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, "முழந்தாளிலை நிக்கிறன், சேர்" என்றான். என் தாயாரின் வாக்கை நான் எப்போதோ ஒரு காலையில் அவனுக்குச் சொல்லியிருந்தேன்.

அவனுடைய பெறுபேற்றைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை, அது அவனுக்குரியது. என் சீனியின் அளவு இப்போது நூறுக்குச் சற்றுக் கீழே நிற்கின்றது. அது அங்கேயே நிற்கும் என்ற உறுதிமொழியை எந்த வைத்தியரும் தரவில்லை. வாசற்படி அதே இடத்திலேதான் இருக்கின்றது.

இதனை வாசிக்கும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஒன்று சொல்ல விரும்புகின்றேன். முயற்சி செய், விடாதே என்று பிள்ளைகளுக்கு நாம் ஓயாது சொல்கின்றோம். விடாமை என்பது நிற்காமல் ஓடுவதன்று. நோயும் மழையும் வரும்போது யாரும் நிற்கத்தான் வேண்டும். நின்ற பின்னர், ஊரார் பார்த்திருக்க, தான் முன்பு கடந்த தூரத்திலும் மிகக் குறைந்த தூரத்திலிருந்து தொடங்குவதே விடாமை. பிள்ளை அப்படித் தொடங்கும் நாளில், முன்பு அவன் எட்டிய உயரத்தை நினைவூட்டாமல், பக்கத்திலே ஒரு சைக்கிளில், கையிலே ஒரு தண்ணீர்ப் போத்தலோடு, கேள்வி கேளாமற் செல்லும் ஒருவர் அவனுக்கு வேண்டும். வீட்டில் உள்ளவர்களுள் யாரேனும் அந்த ஒருவராய் இருத்தல் கூடும்.